நாற்பத்தைந்துக்கு நாற்பத்தைந்து

படிவத்தில் ஒரு புதுக் கட்டம் முளைத்திருந்தது. எல்லாம் அதில்தான் ஆரம்பித்தது.

போன வருஷம் வரை அந்தப் படிவம் ஒரே கேள்விதான் கேட்கும். உங்கள் தூரப்பட்டியல் நூற்றுக்கு எத்தனை சரி? தொண்ணூற்றேழு என்று எழுதிவிட்டு அவள் டீ குடிக்கப் போய்விடுவாள். இந்த வருஷம் தொலைநோக்கி நேரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் குழுவில் யாரோ ஒரு புண்ணியவான் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். முதல் கேள்விக்குக் கீழே இன்னொன்றும் இருந்தது: தூசி நிறைந்த விண்மீன் மண்டலங்களுக்கு மட்டும் இந்த எண் எவ்வளவு? தனியாகக் குறிப்பிடவும்.

வானியல் நிலையத்தில் அவளுக்குத் தூரக்காரி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. வானத்தில் எங்கேயோ ஒரு மங்கல் புள்ளியைக் காட்டினால், அது எவ்வளவு தூரம் என்று சொல்லுவாள். அங்கே போய் அளவு நாடா பிடிக்க முடியாது. ஆனால் பிரபஞ்சம் விரிந்துகொண்டே இருப்பதால், தொலைவிலிருந்து வருகிற ஒளி வழியிலேயே இழுபட்டுச் சிவந்துபோகும். எவ்வளவு சிவப்போ அவ்வளவு தூரம். ஏழெட்டு வடிகட்டிகள் வழியாகப் படம் எடுத்து, நிறத்தை வைத்து மதிப்புப் போடலாம். ஆறு வருஷமாக அவள் அதைத்தான் செய்தாள். அவளுடைய பட்டியலில் மூன்று லட்சம் மண்டலங்கள் இருந்தன.

இந்தத் தொழிலைக் கெடுக்கவென்றே வந்து சேர்ந்தது தூசி. ஒரு மண்டலத்துக்குள் தூசி மண்டிக் கிடந்தால், அது நீல ஒளியை விழுங்கிவிட்டுச் சிவப்பை மட்டும் வெளியே விடும். கொஞ்சம் கிட்டத்தில் இருக்கிற அழுக்கு மண்டலமும், வெகு தூரத்தில் இருக்கிற சுத்தமான மண்டலமும் ஒரே நிறத்தில் வந்து பல்லைக் காட்டும். ஆகவே தூசிக்காரர்கள் விஷயத்தில் அவள் எண் கொஞ்சம் தடுமாறத்தான் செய்யும். தொண்ணூறு வரலாம், எண்பத்தைந்து வரலாம். அதை எழுதிவிட்டால் போயிற்று என்று நினைத்துத்தான் அன்று காலை கணக்கைப் பிரித்தாள்.

எழுதியாக வேண்டிய கட்டாயமும் இருந்தது. மூன்று முறை இல்லை என்று கைவிரித்த அந்தக் குழு, இந்த முறை அவர்கள் அணிக்குப் பெரிய தொலைநோக்கியில் அறுபது மணி நேரம் தருவதாகச் சொல்லியிருந்தது. அவள் பட்டியலில் மிகத் தொலைவில் இருக்கும் பன்னிரண்டு தூசி மண்டலங்களைப் பார்ப்பதற்கு. அதில் முதலிடம் கடைசி ஆளுக்கு. அவன் பெயரே அதுதான், அவள் வைத்தது. ஒளி அங்கிருந்து புறப்பட்டு ஆயிரத்து இருநூற்று அறுபது கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன என்று பட்டியல் சொன்னது. இவ்வளவு தொலைவில் இவ்வளவு தூசியோடு ஒருவன் இருப்பதே அதிசயம். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் படிவம் போய்ச் சேரவேண்டும். எண் நன்றாக இருந்தால் அறுபது மணி நேரம் உறுதி.

சரிபார்ப்புப் பட்டியலில் முந்நூற்றுப் பன்னிரண்டு மண்டலங்கள். இவற்றின் தூரம் அவள் நிறக்கணக்கால் மட்டும் வந்ததல்ல, பக்கத்து அறைக்காரர் ஒளியைப் பிரித்துக் கோடு பார்த்துச் சொன்னதும் உண்டு. இரண்டையும் ஒப்பிட்டுத்தான் அந்தத் தொண்ணூற்றேழு. அவள் தூசிக்காரர்களைத் தனியே பிரித்தாள். அறுபத்து நான்கு பேர். அதில் தப்பு இரண்டே இரண்டு. நூற்றுக்கு மூன்று. சுத்தமானவர்களுக்கும் அதே நூற்றுக்கு மூன்றுதான்.

அவள் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனால் பரீட்சையில் எதிர்பார்த்ததைவிட அதிக மதிப்பெண் வந்தால் விடைத்தாளைத் திருப்பிக் கேட்கிற ஆள் அவள். அழுக்குப் பிடித்தவனுக்கும் குளித்துவிட்டு வந்தவனுக்கும் ஒரே மாதிரி எப்படித் துல்லியம் வரும்?

அறுபத்து நான்கை இன்னும் பிரித்துப் பார்த்தாள். இங்கே கோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தூசி மண்டலங்களுக்குள் கார்பன் மோனாக்சைடு வாயு நிறைய உண்டு. அது ஒளியில் ஏணிப்படி போலச் சம இடைவெளியில் கோடுகள் போடும். தூரம் கூடக் கூட அந்த ஏணி சுருங்கும். இரண்டு படிகள் கண்ணில் பட்டால் இடைவெளி தெரிந்துவிடும், தூரத்தை அடித்துச் சொல்லலாம். ஒரே ஒரு படி மட்டும் பட்டால், அது மூன்றாம் படியா ஐந்தாம் படியா என்பதை அந்தப் படி தானாக வாய் திறந்து சொல்லாது. வேறு எதையாவது வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டு படிகள் தெரிந்தவை பத்தொன்பது. தப்பு இரண்டும் அதற்குள்தான் இருந்தன. ஒற்றைப் படிக்காரர்கள் நாற்பத்தைந்து. தப்பு ஒன்றுகூட இல்லை.

நாற்பத்தைந்துக்கு நாற்பத்தைந்து. சந்தேகத்துக்கு இடமே இல்லாத பத்தொன்பதில் இரண்டு சறுக்கியிருக்கிறது, சந்தேகமே உருவான நாற்பத்தைந்தில் ஒன்றும் சறுக்கவில்லை. அவள் மூன்று தடவை எண்ணிப் பார்த்தாள். எண்ணிக்கை அசையவில்லை. பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் உண்மையைச் சொன்னால் அந்தப் பயத்தைவிட ஆவல்தான் அதிகமாக இருந்தது. இது எப்படி?

பக்கத்து அறைக்காரரைக் கோட்டுக்காரர் என்பார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்தவர். ஒன்பது வருஷமாகச் சுவருக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமுமாக வேலை. அவள் அவரை அண்ணா என்பாள். கோடு என்றால் அவருக்கு உயிர். முன்பு ஒரு கூட்டத்தில் யாரோ ஒருவர், இது கோடா இல்லை இரைச்சலா என்று கேட்டுவிட்டதற்காக நான்கு மாதம் அந்த ஆளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவள் போனபோது அவர் மேசைக்கு அடியில் மண்டியிட்டு ஏதோ கேபிளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். குரல் மட்டும் வந்தது.

"வாங்கம்மா. இந்தக் கம்ப்யூட்டருக்கு என்மேல என்ன கோபமோ தெரியல."

"எதோ வேலையா இருக்கீங்க போலிருக்கு."

"இருபத்திரண்டு புதுசு வந்திருக்கு. எல்லாம் தூசிப் பசங்க, எல்லாம் ஒத்தைப் படி. உங்க புதுப் பட்டியல் வந்ததும் ஒரே மூச்சுல முடிச்சிடுறேன்."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். என் பட்டியல் உங்களுக்கு எதுக்கு? கேள்வி தொண்டைவரை வந்தது. அதைக் கேட்டிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும், யார் மனசும் நோகாமல். ஆனால் அந்த நான்கு மாதம் அவளுக்கு ஞாபகம் வந்தது. "அனுப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டாள்.

சாயங்காலம் வீட்டில் அவள் கணவன் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தான். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை அவனுக்கு. டிரைவர் லைசென்ஸுக்குச் சான்றிதழ் கேட்டு வருகிறவர்கள்தான் பாதிப் பேர்.

"ஏங்க, எழுத்தைப் பாக்காமலே ஒருத்தர் சரியா வாசிச்சா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ரொம்பச் சரியா வாசிப்பாங்க. அதான் அடையாளம். நல்ல கண்ணு இருக்கறவங்ககூடக் கடைசி வரில ஒண்ணு ரெண்டு தடுமாறுவாங்க. வெளில உக்காந்து முன்னாடி ஆள் வாசிச்சதைக் கேட்டு மனப்பாடம் பண்ணிட்டு வர்றவர் தடுமாறவே மாட்டார். கடகடன்னு கொட்டுவார்."

"அப்போ என்ன செய்வீங்க?"

"வேற அட்டையை மாட்டுவேன். பாதி எழுத்து அதே, பாதி எழுத்து வேற. பழசையே ஒப்பிச்சார்னா கையும் களவுமா மாட்டிக்குவார்." அவன் கத்தியை நிறுத்தினான். "யாரு அந்த டிரைவர்?"

"டிரைவர் இல்ல. கோட்டு அண்ணா."

"அவர்கிட்டயா அட்டையை மாத்தப் போற? நேரா கேட்டுட வேண்டியதுதானே."

"கேட்டா சுதாரிச்சுக்குவார். அப்புறம் உண்மை தெரியாது."

"உனக்கு உண்மை தெரியணுமா, இல்ல அவர்கிட்டக் கேக்கப் பயமா?"

அவன் கேட்ட கேள்வி சுருக்கென்று தைத்தது. அவள் வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை அவள் செய்த காரியத்தை இந்தக் கதைசொல்லி பூசி மெழுகப்போவதில்லை. புதுப் பட்டியலை எடுத்தாள். அந்த இருபத்திரண்டு மண்டலங்களில் பத்தைப் பொறுக்கினாள். ஒவ்வொன்றின் கோடும் எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்பது எல்லாரும் பார்க்கிற பொதுக்கோப்பில் இருந்தது. தன் கணக்குப்படி ஐந்தாம் படியாக இருக்க வேண்டியதை மூன்றாம் படிக்குப் பொருந்துகிற தூரமாக மாற்றினாள். மூன்றாம் படியாக இருக்க வேண்டியதை நான்காம் படிக்கு. பத்தும் பொய். பொய் என்று தெரியாதபடி நேர்த்தியான பொய். உண்மையான எண்களைத் தனியாக எழுதிப் பையில் வைத்துக்கொண்டாள். பிறகு அவருக்கு அனுப்பினாள். அவ்வளவு சுலபமாக அனுப்ப முடிந்ததுதான் அவளுக்கே பிடிக்கவில்லை.

இரண்டு நாள் ஓடியது. அந்த இரண்டு நாளும் அவள் மனசு இரண்டாகக் கிடந்தது. ஒரு பாதி, அவர் பத்தில் ஐந்தையாவது பார்த்துவிட்டு, "என்னம்மா இது, உங்க எண் உதைக்குதே" என்று சுவரைத் தட்டிக் கேட்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டது. கேட்டால் தொண்ணூற்றேழு பிழைத்துவிடும், அறுபது மணி நேரமும் பிழைத்துவிடும். இன்னொரு பாதிக்கு வெறும் ஆவல். என்ன வரும் என்று தெரிந்துகொள்ள வேண்டும், எது வந்தாலும் சரி. அந்த இரண்டாம் பாதி வெட்கம் கெட்டது. நிலையத்தில் வேலை பார்க்கிற பாதிப் பேருக்கு அந்தப் பாதிதான் பெரிது.

சுவர் தட்டப்படவில்லை. புதன்கிழமை மத்தியானம் அவரிடமிருந்து கோப்பு வந்தது. இருபத்திரண்டுக்கு இருபத்திரண்டு பொருத்தம். அவள் மாற்றி வைத்த பத்துக்கும் ஆமாம் சாமி போட்டிருந்தார்.

கோப்புக்கு மேலே ஒரு வரி எழுதியிருந்தார்: "உங்க பட்டியல் மறுபடியும் ஜெயிச்சிருச்சு. பாராட்டுகள்."

அவள் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து போனாள்.

அவர் இந்தத் தடவை நாற்காலியில்தான் இருந்தார். எதிரில் பழைய பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவள் உட்கார்ந்ததும் நேராகக் கேட்டாள்.

"அண்ணா, ஒத்தைப் படி மட்டும் இருந்தா, அது எத்தனாவது படின்னு எதை வெச்சு முடிவு பண்றீங்க?"

"உங்க தூரத்தை வெச்சுதான். வேற எதை வெச்சு?" அவர் ஒளிக்கவும் இல்லை, தயங்கவும் இல்லை. "உங்க எண்ணுக்கு எந்தப் படி பொருந்துதோ அதுதான் அந்தப் படி."

"எதுக்கு என் எண்ணை நம்பினீங்க?"

"நல்லா கேட்டீங்க. நூத்துக்குத் தொண்ணூத்தேழு சரின்னு நீங்கதானே போட்டிருக்கீங்க."

"அந்தத் தொண்ணூத்தேழு உங்க கோட்டை வெச்சு வந்ததுண்ணா."

அவர் வாய் திறந்தபடியே நின்றது. பிறகு சிரித்தார். குலுங்கிக் குலுங்கி, கண்ணில் தண்ணீர் வருகிறவரைக்கும். நடக்கத் தெரியாத இரண்டு பேர் ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு ஊரைச் சுற்றி வந்திருக்கிறார்கள். ஊரும் அந்த நடையைப் பார்த்துக் கை தட்டியிருக்கிறது. அவளுக்கும் சிரிப்பு வந்தது.

"ஆனா நான் எழுதி வெச்சிருக்கேனே" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நான் ஒண்ணும் திருட்டுத்தனம் பண்ணல. பாருங்க."

தன் கோப்பைத் திறந்து வலது பக்கமாகத் தள்ளினார். அட்டவணையில் ஒன்பதாவது பத்தி. தலைப்பு: படியைத் தீர்மானித்தது எதனால். பத்தொன்பது வரிகளில் இரு படி என்று இருந்தது. நாற்பத்தைந்து வரிகளில் தூ.ப. என்று இருந்தது.

"தூ.ப.ன்னா?"

"தூரப்பட்டியல். நாலு வருஷமா எழுதிட்டிருக்கேன்."

நாலு வருஷமாக அவள் அந்தக் கோப்பிலிருந்து முதல் ஆறு பத்திகளை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தேவைப்பட்டது தூரம்தான், அது ஆறாவது பத்தியில் இருந்தது. அதற்கு அப்பால் அவள் கண் போனதே இல்லை. விரலைச் சொடுக்கினால் வலப்பக்கம் நகர்கிற ஒரு கோப்பு. நகர்த்திப் பார்க்கவில்லை. அவளுக்கு முகம் சூடாயிற்று. பத்துப் பொய் ஜோடித்த கைக்கு, ஒரு கோப்பைத் தள்ளிப் பார்க்க முடியவில்லை.

"அண்ணா, இன்னொண்ணு சொல்லணும்" என்றாள்.

சொன்னாள். பத்தையும். எதை எதற்கு மாற்றினாள் என்பதையும். பையிலிருந்த தாளை எடுத்து மேசையில் வைத்தாள். அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. தாளை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பத்து வரியையும் மெதுவாகப் படித்தார்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார்.

"தெரியும்ண்ணா."

"இப்பத் தெரியும். அப்போ என்ன நினைச்சீங்க? நான் மறைப்பேன்னா?"

"நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு நினைச்சேன்."

"இதுக்குக் கோவிச்சுக்க மாட்டேனா?"

மன்னிப்புக் கேட்டாள். அவர் தலையை ஆட்டினார், அது சரி என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. தாளை நான்காக மடித்து மேசை ஓரத்தில் வைத்தார்.

"சரி" என்றார் கடைசியில். "படிவம் எப்போ?"

"நாளன்னைக்கு."

"நாப்பத்தஞ்சுல எத்தனை உண்மைன்னு தெரியாம என்ன எழுதப்போறீங்க?"

அதைக் கண்டுபிடிக்கிற வழியை அவர்தான் சொன்னார். வேறு நாட்டுத் தொலைநோக்கி ஒன்றின் பழைய தரவெல்லாம் கிடங்கில் கிடக்கிறது. வேறு எவரோ வேறு எதற்கோ பார்த்தது. நம் நாற்பத்தைந்து பேரில் சிலர் தற்செயலாக அந்தப் படங்களின் ஓரத்தில் மாட்டியிருக்கலாம். இரண்டாம் படி விழ வேண்டிய இடம் அதில் பதிவாகியிருந்தால், தேடிப் பார்த்துவிடலாம். ஒரு நிபந்தனை போட்டார். அவர் தேடி முடிக்கிறவரை அவளுடைய தூரத்தை அவருக்குக் காட்டக் கூடாது. சொல்லவும் கூடாது.

"முகத்துலயும் காட்டக் கூடாது" என்றார். "நீங்க அங்கயே இருங்க."

வியாழக்கிழமை முழுக்க அவள் தன் அறையில் இருந்தாள், அவர் தன் அறையில். நாற்பத்தைந்தில் பதினான்கு பேர் கிடங்கில் அகப்பட்டார்கள். ஒவ்வொன்றாக முடித்துத் தாளில் எழுதி, மடித்து, கதவுக்கு அடியில் தள்ளிவிட்டார். அவள் ஒவ்வொரு தாளையும் பிரித்துத் தன் எண்ணோடு ஒப்பிட்டாள். முதல் மூன்று பொருந்தின. நான்காவது பொருந்தவில்லை. ஐந்தாவது பொருந்தியது. ஆறு, ஏழு இரண்டும் உதைத்தன. பன்னிரண்டாவது தாள் வந்தபோது அவள் பயத்தை மறந்துவிட்டிருந்தாள். தப்பு எதில் வருகிறது, எந்தப் பக்கம் வருகிறது என்பதிலேயே மனசு போய்விட்டது. பதினான்கு முடிந்தபோது எட்டு சரி, ஆறு தப்பு. ஆறு தப்பும் ஒரே திசையில். ஆறு பேரையும் அவர்கள் இருக்கிற இடத்தைவிட வெகு தூரத்தில் அவள் கொண்டுபோய் நிறுத்தியிருந்தாள். தூசி போட்ட சிவப்பையெல்லாம் தூரம் போட்ட சிவப்பு என்று எண்ணியிருந்தாள். அதற்கு அர்த்தம் இன்னொன்றும் உண்டு. பட்டியலில் மிகத் தொலைவில் இருப்பவர்களைப் பொறுக்கினால், இப்படித் தப்பாகப் போனவர்கள்தான் அதிகம் கைக்கு வருவார்கள். அணி நேரம் கேட்ட பன்னிரண்டு பேரும் அப்படிப் பொறுக்கப்பட்டவர்கள்தான்.

கடைசி ஆள் அந்தப் பதினான்கில் இல்லை. கிடங்கில் யாரும் அவன் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை இரண்டு பேருமாக அணித் தலைவியிடம் போனார்கள். மேடம் என்று எல்லாரும் கூப்பிடுகிற அந்த அம்மாள் மூன்று வருஷமாகக் குழுவிடம் மன்றாடி அந்த அறுபது மணி நேரத்தை வாங்கியவர். முழுக்கக் கேட்டார். நடுவில் ஒருமுறை எழுந்து ஜன்னலை மூடினார்.

"ஒரு எண் எழுதணுமே" என்றார். "என்ன எழுதுறது?"

"நூத்துக்கு அம்பத்தேழு" என்றாள் அவள். "நாம கேட்ட பன்னிரண்டு பேரும் ஒத்தைப் படிதான், அந்தப் பதினாலை வெச்சு அவ்வளவுதான் சொல்ல முடியும். அதுகூட உறுதியில்ல மேடம்."

"நாம வேற வழியில்லாம தொண்ணூத்தேழுன்னே விட்டுட்டா?"

"அவங்க கேட்ட கேள்விக்கு அது பதில் இல்ல."

மேடம் கோட்டுக்காரரைப் பார்த்தார். அவர் தலையை ஆட்டினார். மேடம் பெருமூச்சு விட்டார். படிவத்தில் ஐம்பத்தேழு ஏறியது. ஒன்பதாவது பத்தியின் கதையும் விளக்கக் குறிப்பில் ஏறியது. பத்துப் பொய்யையும் சேர்த்து எழுதச் சொன்னது அவள்தான். மேடம் அதைப் படித்துவிட்டு அவளை ஒரு பார்வை பார்த்தார், ஆனால் அந்த வரியை அடித்துவிடவில்லை.

குழுவின் பதில் மூன்று வாரத்தில் வந்தது. அறுபது மணி நேரம் இல்லை. இருபது. அதுவும் புதிதாக எதையும் தேட அல்ல, இரண்டாம் படியைப் பார்த்துத் தூரத்தைச் சரிசெய்ய மட்டும். இருபது மணி நேரத்தில் ஐந்து பேரைத்தான் பார்க்க முடியும். நாற்பது மணி நேரம் பறிபோனதை நினைத்து அவள் வீட்டுக் குளியலறையில் அழுதாள், தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு. பிறகு முகம் கழுவிவிட்டு வந்து ஐந்து பேரின் பட்டியலைத் தயார் செய்தாள். அதில் தூரம் இல்லை, நிறம் இல்லை, பெயர்கூட இல்லை. வானத்தில் எந்த இடம் என்பது மட்டும் ஐந்து வரி.

நான்கு மாதம் கழித்து, ஒரு காலை பத்து மணிக்கு அவர் போன் செய்தார். சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தார், ஆனாலும் போனில்தான் செய்தார்.

"முதல் ஆளுக்கு ரெண்டாவது படி கிடைச்சிருக்கு. பளிச்சுன்னு இருக்கு. சந்தேகமே இல்ல."

முதல் வரி யார் என்பது அவளுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. அவள் கடைசி ஆளின் ஆயிரத்து இருநூற்று அறுபதைத் தன் முன்னால் தாளில் எழுதி வைத்திருந்தாள். ஆறு வருஷம் அந்த எண்ணோடு குடித்தனம் நடத்தியிருக்கிறாள்.

"முதல்ல இருந்த படி எத்தனாவதுண்ணா?"

"மூணாம் படி. ஆயிரத்து நூத்து முப்பது கோடி."

அவள் தாளைக் கவிழ்த்து வைத்தாள். கடைசி ஆள் கடைசியில் இல்லை. தொலைவில் இருப்பவர்களை வரிசையாக நிறுத்தினால் இனி அவன் எங்கேயோ கூட்டத்துக்கு நடுவில் நிற்பான். யாரும் அவனைப் பற்றிக் கட்டுரை எழுத மாட்டார்கள். நெஞ்சு கனத்தது. கூடவே, கேட்காமல் இருக்க முடியாத ஒரு கேள்வி வந்தது.

"அவ்வளவு கிட்டத்துல இருந்துக்கிட்டு அவ்வளவு சிவப்பாத் தெரியணும்னா, அதுக்குள்ள எவ்வளவு தூசி இருக்கணும்?"

"அதைத்தான் நானும் யோசிச்சிட்டிருக்கேன்" என்றார். குரலில் பழைய சுவாரசியம் இருந்தது. "நாம பாத்ததிலேயே பெரிய அழுக்குமூட்டையா இருக்கும் போல. எங்கிருந்து வந்துச்சு அவ்வளவும்?"

"நட்சத்திரங்கள் செத்துச் செத்துத்தான் வரணும். ஆனா அதுக்குக் காலம் வேணுமே."

"வேணும். கணக்குப் போடலாம்."

அவர் ஏதோ சொல்லத் தயங்குவது மூச்சில் தெரிந்தது.

"ஒண்ணு கேக்கணும்" என்றார்.

"கேளுங்கண்ணா."

"நீங்க அனுப்பின அஞ்சு வரில ஏதாவது மாத்தி வெச்சிருக்கீங்களா?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. குத்திக் காட்டவும் இல்லை. மழை வருமா என்று கேட்பதுபோலச் சாதாரணமாகக் கேட்டார். ஒன்பது வருஷத்தில் அவள் கொடுத்த எந்த எண்ணையும் பற்றி அவர் இப்படிக் கேட்டதில்லை. ஒருமுறை கேட்டிருந்தால் நாற்பத்தைந்தும் நடந்திருக்காது.

"இல்லண்ணா. ஒண்ணும் மாத்தல."

"சரி. இருந்தாலும் நான் ஒரு தடவை பாத்துக்கறேன்."

"பாருங்க" என்றாள்.

அவர் முதல் வரியை மூலப் படத்தோடு ஒப்பிட ஆரம்பித்தார். விசைப்பலகைச் சத்தம் போனிலும் கேட்டது, சுவர் வழியாகவும் கேட்டது. எண்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். அவளுக்கு அது வலித்தது. ஆனால் இப்படித்தான் பார்க்க வேண்டும், அன்று அவள் வேண்டிக்கொண்டதும் இதைத்தான். ஐந்து வரிகளையும் அவர் பார்த்து முடிக்கிறவரை அவள் போனை வைக்கவில்லை.